டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்த பழைய வெள்ளி நாணயங்களின் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

கப்பல்காரர் பேத்தி:

வணக்கம். நாணயங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தெரியாமல் ஒரு வேலை செய்துவிட்டேன், அதனால்தான் கேட்கிறேன்.

என் தாத்தா சரக்குக் கப்பலில் 26 வருடம் வேலை பார்த்தவர். இறங்குகிற துறைமுகத்தில் எல்லாம் ஒரு வெள்ளிக் காசாவது வாங்கிக்கொண்டு வருவாராம். அவருக்குப் பிறகு பாட்டி வைத்திருந்தார். பாட்டியும் போன பிறகு அந்தத் தகரப் பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே 23 நாணயங்கள். பாதிக்கு மேல் கறுத்திருந்தன. சிலவற்றில் விளிம்பு ஓரமாக மஞ்சள், ஊதா, நீலம் என்று எண்ணெய்ப் படலம் மாதிரி நிறங்கள். எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. தாத்தாவின் பொருள் இப்படிக் கிடக்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

ஐந்து நாணயங்களை டூத்பேஸ்ட் தடவி, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுப்பு போய்ப் பளிச்சென்று வந்தது. அப்புறம் ஒரு காணொளியில் பார்த்தபடி, பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா போட்டு வெந்நீர் ஊற்றி இரண்டு நாணயங்களை அதில் வைத்தேன். கறுப்பு தானாகவே போனது. அழுகிய முட்டை நாற்றம் ஒன்று வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். மீதி 16 நாணயங்களைத் தொடவில்லை.

போன வாரம் நாணயம் வாங்கி விற்கிற ஒருவரிடம் பெட்டியைக் காட்டினேன். விற்பதற்காக இல்லை, எந்த நாட்டுக் காசு, எந்தக் காலம் என்று தெரிந்துகொள்ளத்தான். அவர் 1881 என்று போட்ட அமெரிக்க வெள்ளி டாலரை விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் சாய்த்தார். "கழுவிட்டீங்களேம்மா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த டாலர்தான் டூத்பேஸ்ட் போட்டதில் முதலாவது. கழுகு இருக்கிற பக்கம், மாலைக்குக் கீழே சின்னதாக 'எஸ்' என்று ஒரு எழுத்து இருக்கிறது. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், 26.7 கிராம் காட்டுகிறது. புத்தகத்தில் 26.73 என்று இருக்கிறது. அப்படியானால் வெள்ளி ஒன்றும் குறையவில்லைதானே? பின்னே எது கெட்டுப்போனது?

இன்னும் சில கேள்விகள். இந்த ஏழையும் பழையபடி ஆக்க வழி உண்டா? அலுமினியத் தாளில் போட்ட இரண்டும் பளபளக்காமல் சாம்பல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கின்றன, அது ஏன்? தொடாத 16-ல் மூன்று, பிளாஸ்டிக் உறையில் இருந்தவை. அவற்றின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது. அதையாவது துடைக்கலாமா?

விளிம்பைப் பிடி:

அம்மா, முதலில் ஒன்று. மீதி 16-ஐத் தொடாமல் நிறுத்தினீர்களே, அது பெரிய காரியம். பலர் பெட்டி முழுவதையும் முடித்த பிறகுதான் கேட்க வருவார்கள்.

கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். போனது திரும்ப வராது. ஏன் வராது என்று தெரிந்தால், அதைத் திரும்பக் கொண்டுவர நினைத்து இன்னொரு தவறு செய்ய மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் டாலரில் இருக்கும் 'எஸ்', சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் அடையாளம். மார்கன் டாலர் என்பார்கள், வடிவமைத்தவர் ஜார்ஜ் மார்கன். 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு, 38.1 மில்லிமீட்டர் விட்டம். 1881-ல் அந்தச் சாலையில் அடித்த டாலர்கள் அருமையான பளபளப்புக்குப் பேர்போனவை. புது மார்கன் டாலர் எப்படி இருக்க வேண்டும் என்று பழக விரும்புகிறவர்களுக்கு இந்த நாணயத்தைத்தான் காட்டுவோம். அது அபூர்வமான ஆண்டு இல்லை, நிறையவே கிடைக்கிறது. அதனால் மனதை ரொம்பப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, நடுவில் வெற்று வெள்ளி வில்லை. அழுத்தம் இறங்கும்போது வெள்ளி நசுங்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத வரிகளாக நாணயத்தின் மேல் நின்றுவிடுகிறது. சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எல்லாம் நடுவிலிருந்து வெளியே போகும். நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துச் சுற்றினால், இந்த வரிகளில் பட்ட வெளிச்சம் இரண்டு பட்டைகளாகத் திரண்டு, வண்டிச் சக்கரம் உருள்வதுபோல் நாணயத்தைச் சுற்றி ஓடும். லஸ்டர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பாலிஷ் போட்ட பாத்திரத்தின் மினுமினுப்பு வேறு சங்கதி. நாணயச்சாலையில் ஒரே ஒரு முறை, அந்த ஒரு நொடியில் உண்டாவது லஸ்டர். அதற்குப் பிறகு உலகத்தில் எந்த ஆளாலும் எந்த இயந்திரத்தாலும் அந்த நாணயத்தில் அதை மறுபடி உண்டாக்க முடியாது. திரும்ப அச்சடித்தால்தான் வரும், அடித்தால் அது வேறு நாணயம்.

டூத்பேஸ்ட்டில் பல்லைத் தேய்க்க நுண்ணிய துகள்கள் சேர்ப்பார்கள், பெரும்பாலும் சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட். பல்லின் எனாமல் கடினமானது, தாங்கும். வெள்ளி மென்மையான உலோகம், தாங்காது. ஒவ்வொரு இழுப்பிலும் மேலே சொன்ன வரிகளின் உச்சி மழுங்கும், கூடவே மயிரிழை மாதிரிப் புதுக் கீறல்கள் விழும். ஹேர்லைன் என்போம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். குழல் விளக்கு வேண்டாம், அந்தப் பரவிய வெளிச்சம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். டாலரை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்து, பெண் முகத்தின் கன்னத்தைப் பாருங்கள். அது பரந்த வெற்றிடம், கீறல் ஒளிய இடமில்லை. பிரஷ் போன திசையிலேயே கற்றை கற்றையாகக் கோடுகள் தெரியும். புழங்கித் தேய்ந்த நாணயத்திலும் கீறல் இருக்கும், ஆனால் அது பத்துத் திசையில் கிடக்கும். கழுவிய நாணயத்தின் கீறல் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். உங்கள் வியாபாரி ஒரு நொடியில் கண்டுபிடித்தது இதை வைத்துத்தான்.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எனக்கு 19 வயது இருக்கும்போது 1887-ஆம் ஆண்டு விக்டோரியா அரைக் கிரவுன் என்ற பிரிட்டிஷ் வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. முகத்தில் சாம்பல் நிறம், எழுத்துகளைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக ஒரு வளையம். அதைக் கறை என்று நினைத்து, கரண்டி முள்கரண்டிக்கு விற்கிற வெள்ளி டிப் திரவத்தில் முக்கினேன். ஒரு நிமிடத்துக்கு மேலேயே கிடந்திருக்கும். வெள்ளை வெளேர் என்று வந்தது. மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நான்காம் நாள், எனக்கு நாணயம் பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் நீட்டினேன். அவர் விளக்கடியில் அதைச் சுழற்றினார். வெளிச்சம் ஓடவில்லை, ஒரே இடத்தில் செத்த மாதிரி நின்றது. அவர் திட்டவில்லை. இன்னொரு நாணயத்தை எடுத்து என் கையில் வைத்து, "இதைச் சுத்திப் பாரு" என்றார். அதில் வெளிச்சம் ஓடியது. அன்றைக்குத்தான் நான் எதைக் கழுவிக் கொட்டினேன் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் அந்த அரைக் கிரவுனில் பழுப்புத் திட்டுகள் வேறு கிளம்பின. டிப்பை நான் சரியாக அலசவில்லை.

34 வருடமாக அதை வைத்திருக்கிறேன். அதே ஆண்டு, தொடாத நாணயம் ஒன்றைப் பிறகு தேடி வாங்கி அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன். புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு முதலில் இந்த இரண்டையும் கையில் கொடுத்து விளக்கடியில் திருப்பச் சொல்வேன்.

தரம் பார்க்கும் நிறுவனங்கள் கழுவியதை எப்படி நடத்துகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1949-ல் ஷெல்டன் என்பவர் கொண்டுவந்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில்தான் இன்றும் எண் கொடுக்கிறார்கள். இப்படித் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனங்களில் 1986-ல் பிசிஜிஎஸ், அடுத்த வருடம் என்ஜிசி தொடங்கின. முறையில்லாமல் சுத்தம் செய்த நாணயம் போனால் இவர்கள் எண் தருவதில்லை. 'டீடெய்ல்ஸ்' என்று போட்டு, சுத்தம் செய்யப்பட்டது என்று சீட்டிலேயே எழுதிவிடுவார்கள். நாணயம் அசல்தான், உருவம் இவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஆனால் மேற்பரப்பு கெட்டது என்று பொருள். புழங்காத புது நாணயமாக இருந்தாலும் இதே கதிதான்.

அதனால் இந்த ஏழையும் இனி எதுவும் செய்யாதீர்கள். மறுபடி பாலிஷ் போட்டால் கீறல் மறையலாம், கூடவே எழுத்தின் ஓரமும் மழுங்கும். கந்தகப் பொடி, சூடு என்று வைத்துச் செயற்கையாக நிறம் ஏற்றச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய்யான தோல், பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். கிடக்க விடுங்கள், பல வருடத்தில் தானாகவே மங்கும். லஸ்டர் வராது, கீறலும் போகாது, ஆனால் அந்தக் கண்ணைப் பறிக்கிற வெள்ளை அடங்கும்.

பச்சைப் பிசுபிசுப்புக்கு வழி உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன். அதுவரை துணி வைத்துத் துடைக்க வேண்டாம்.

ஆய்வக மேசை:

நான் 30 வருடம் வேதியியல் பாடம் நடத்தியவள். பேத்தி கேட்ட தராசுக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

38.1 மில்லிமீட்டர் விட்டம் என்றால் ஒரு முகத்தின் பரப்பு சுமார் 11.4 சதுர சென்டிமீட்டர். இரண்டு முகமும் சேர்ந்து 22.8. இரண்டு பக்கமும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுரண்டி எடுத்ததாக வைத்துக்கொள். அந்தக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.3 கிராம் அளவில் இருக்கும். பெருக்கினால் போன எடை சுமார் 0.023 கிராம். 0.1 கிராம் வரை காட்டுகிற உன் தராசுக்கு அது தெரியவே தெரியாது. நாணயம் அடித்தபோதே எடையில் இதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். நீ இழந்தது எடையில் இல்லை, மேற்பரப்பின் உருவத்தில். தராசு உருவத்தை அளக்காது.

அடுத்தது கறுப்பு. காற்றில் மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. துருப்பிடித்த இரும்பில் துரு உதிர்ந்துகொண்டே போகும் இல்லையா, இது அப்படி உதிராது. மெல்லிய படலமாக ஒட்டி நிற்கும். படலத்தின் மேற்பக்கம் பட்ட ஒளியும் அடிப்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்ந்தும் அடித்துக்கொண்டும் நிறம் காட்டும். சோப்புக் குமிழியில் பார்க்கிறாயே, அதே விளையாட்டு. படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பொன் பழுப்பு, பிறகு ஊதா, நீலம் என்று வரிசையாக மாறி, கடைசியில் கறுப்பு. நீ அழுக்கு என்று நினைத்த அந்த நிறங்கள், உன் தாத்தா அந்தக் காசைப் பெட்டியில் போட்ட நாளிலிருந்து மெதுவாக ஏறியவை. விளிம்பில் முதலில் நிறம் வந்ததற்குக் காரணம், காற்று ஓரத்திலிருந்துதான் உள்ளே நுழையும். நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவோ காகிதத்தில் சுற்றியோ இருந்திருக்க வேண்டும்.

இப்போது கவனி. அந்தக் கறுப்புப் படலத்தில் இருக்கும் வெள்ளி வெளியிலிருந்து வந்ததில்லை. நாணயத்தின் சொந்த வெள்ளி. வரிகளின் உச்சியில் இருந்த வெள்ளிதான் சல்ஃபைடாக மாறியிருக்கிறது. டிப் திரவத்தில் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும். அது சல்ஃபைடைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும், கூடவே அந்த வெள்ளியும் போகும். மேலே அந்த ஐயா முக்கிய அரைக் கிரவுனில் வெளிச்சம் ஓடாமல் போனதற்கு இதுதான் காரணம். யாரும் கீறவில்லை, வரிகளே கரைந்துவிட்டன. எவ்வளவு கறுத்த நாணயமோ அவ்வளவு ஆழமாகப் போகும். அதனால்தான் ரொம்பக் கறுத்ததை வெளுக்க நினைப்பது ரொம்பத் தப்பு.

அலுமினியத் தாள் வேறு மாதிரி. அங்கே அலுமினியம் தன்னைக் கொடுத்துவிட்டுச் சல்ஃபைடை மறுபடி வெள்ளியாக்குகிறது. கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும், நீ முகர்ந்த அழுகிய முட்டை நாற்றம் அது. வெள்ளி வெளியே போகவில்லை, நாணயத்திலேயே தங்குகிறது என்று சொல்லி இந்த முறையைச் சிலர் புகழ்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் திரும்பி வந்த வெள்ளி பழைய இடத்தில் பழைய ஒழுங்கில் போய் உட்காராது. நுண்ணிய துகள்களாக, பொறபொறவென்று படியும். ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். சுண்ணாம்பு பூசியது மாதிரி என்று எழுதினாயே, சரியாகப் பார்த்திருக்கிறாய். சாப்பாட்டு மேசைக் கரண்டிக்கு அது போதும், மேலே ஒரு துணி போட்டுத் தேய்த்தால் மினுங்கும். நாணயத்தைத் தேய்த்தால் மறுபடி கீறல்தான்.

வட்டவெள்ளி:

எல்லோரும் சேர்ந்து டிப்பை ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என்னிடம் இருக்கும் வெள்ளை மார்கன் டாலர்களில் பாதியாவது எப்போதோ டிப்பில் முங்கி எழுந்தவைதான், தரம் பார்க்கும் நிறுவனம் கொடுத்த நல்ல எண்ணோடு அவர்கள் போட்ட உறைக்குள்ளும் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேலான வெள்ளி இன்றைக்கும் வெள்ளையாக இருந்தால் வேறு எப்படி? தெரிந்த கையால் மூன்று நான்கு விநாடி முக்கி, உடனே அலசினால் ஒன்றும் ஆகாது.

விளிம்பைப் பிடி:

வட்டவெள்ளி சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். மெல்லிய படலம் மட்டும் இருந்து, கீழே லஸ்டர் முழுதாக இருந்து, முக்கியவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் தப்பித்த நாணயங்கள் நிறைய. பத்திரமாக மூட்டையில் கிடந்ததால் தானாகவே வெள்ளையாக நின்ற டாலர்களும் உண்டு.

ஆனால் கீழே லஸ்டர் இருக்கிறதா என்று படலத்துக்கு மேலிருந்து பார்த்துச் சொல்வதே ஒரு படிப்பு. அதைப் படிக்காதவர் முக்கினால் பந்தயம் கட்டுவது மாதிரி, தோற்றால் தோற்றதுதான். ஒரு முறை தப்பித்த நாணயம் அடுத்த முறையும் தப்பிக்கும் என்றும் இல்லை, ஒவ்வொரு முக்கலிலும் கொஞ்சம் போகும். கேட்டவருக்கு நூறு நாணயம் பார்த்துப் பழகிய கை இல்லை. அவரிடம் போய் மூன்று விநாடி என்று சொன்னால் அவர் முப்பது விநாடி வைப்பார். நானும் அப்படித்தான் வைத்தேன்.

சரி, பச்சை விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியம்மா, இரண்டு வகைப் பச்சை உண்டு. மெத்தென்று, பசை மாதிரி, விளக்கில் எண்ணெயாக மின்னினால் அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறையின் வேலை. அந்த மாதிரி உறையை வளைய வைக்க ஒரு எண்ணெய் சேர்த்திருப்பார்கள். வருடங்கள் போனால் எண்ணெய் வெளியே கசியும், பிளாஸ்டிக்கும் சிதைந்து அமிலம் விடும். அது கலவையில் இருக்கிற செம்பைப் பிடித்துப் பச்சையாகும். இதை மட்டும் விட்டுவைக்கக் கூடாது, நாணயத்தை அரித்துக்கொண்டே இருக்கும். கெட்டியாக, உப்புப் பொருக்கு மாதிரி ஒட்டியிருந்தால் அது செம்பின் அரிப்பு. அதை நகத்தால்கூடத் தொடாமல் அப்படியே விடுங்கள்.

பசைப் பச்சைக்குச் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் அசிட்டோன் இருந்தாலும் கூடவே எண்ணெயும் வாசனையும் நிறமும் இருக்கும், அது வேண்டாம். கண்ணாடிக் குப்பியில் ஊற்றுங்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நாணயத்தை உள்ளே இறக்கி மூடி வைத்து, அவ்வப்போது குப்பியை லேசாக அசையுங்கள். சில மணி நேரம் கழித்துப் புது அசிட்டோனில் மாற்றி இன்னொரு தடவை அலசி எடுத்தால், தானாகவே உலர்ந்துவிடும். தேய்ப்பே கிடையாது. அசிட்டோன் வெள்ளியையும் தொடாது, வெள்ளி சல்ஃபைடையும் தொடாது. நிறங்கள் அப்படியே இருக்கும், எண்ணெய் மட்டும் போகும். ஆனால் பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரிகிற பக்கமே போகாதீர்கள். பச்சைக்கு அடியில் ஏற்கெனவே அரித்த இடம் குழியாகத் தெரிந்தால், அது இருக்கும்.

கப்பல்காரர் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, தராசுக் கணக்கை நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 22.8 சதுர சென்டிமீட்டர் சரியாக வருகிறது.

ஐயா சொன்னபடி நேற்று இரவு விளக்கடியில் பார்த்தேன். கன்னத்தில் கோடுகள் இருக்கின்றன, காதிலிருந்து மூக்குப் பக்கம் சாய்வாக. நான் வலது கைக்காரி, பிரஷ்ஷை அப்படித்தான் இழுத்திருப்பேன். அப்புறம் தொடாத 16-ல் ஒன்றை எடுத்து அதே மாதிரி திருப்பினேன். முகம் கறுத்திருந்தாலும் எழுத்துகளுக்கு நடுவில் வெளிச்சம் நகர்ந்தது. முதல் தடவை நான் கவனிக்கவில்லை, இரண்டாம் தடவை திருப்பும்போதுதான் பார்த்தேன். அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஏழு நாணயத்தில் இதை அழித்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். தேய்த்தவற்றில் எழுத்துகளுக்கு இடையில் வெள்ளையாகப் பேஸ்ட் உலர்ந்து நிற்கிறது. ஒரு எழுத்தில் ஊசியால் கிளறிப் பார்த்தேன், உடனே நிறுத்திவிட்டேன். இன்னொன்று, தொடாததில் மரியா தெரசா படம் போட்ட பெரிய காசு ஒன்று உண்டு, 1780 என்று இருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு விரல் ரேகை பழுப்பாகப் பதிந்திருக்கிறது. அசிட்டோனில் அது போகுமா?

விளிம்பைப் பிடி:

ஊசி வேண்டவே வேண்டாம், நிறுத்தியது நல்லது. அந்த ஏழையும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊற வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். பேஸ்ட் இளகினால் நீரை மாற்றி இன்னொரு முறை ஊற வையுங்கள். எடுத்ததும் மென்மையான துணியின் மேல் வைத்து ஒற்றி எடுங்கள். ஒரு இழுப்புகூட இழுக்கக் கூடாது. மிச்சம் நிற்பது நிற்கட்டும்.

1780 என்று இருப்பதால் அந்தக் காசு அந்த வருடமே அடித்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரசா இறந்தது 1780-ல். அதற்குப் பிறகும் அதே ஆண்டைப் போட்டு அந்தப் பெரிய வெள்ளிக் காசை, தாலர் என்பார்கள், வியன்னாவிலும் வேறு ஊர்களிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள், வணிகத்தில் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. செங்கடல் துறைமுகங்களில் 20-ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. கப்பலில் போனவர் கையில் அது வந்தது இயல்பு. 83.3 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு.

ரேகை போகாது. விரலின் வியர்வையும் உப்பும் எண்ணெயும் பட்ட இடத்தில் வெள்ளி வேறு மாதிரி நிறம் ஏறியிருக்கிறது. பட்ட அன்றோ மறுநாளோ என்றால் அசிட்டோன் எடுத்திருக்கும். பல வருடம் ஆன ரேகை உலோகத்திலேயே பதிந்துவிட்டது, அதை எடுக்க வேண்டும் என்றால் உலோகத்தை எடுக்க வேண்டும். நாணயத்தை ஏன் விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொல்கிறோம் என்பதும் அதில் தெரிகிறது. நீங்களும் இனி அப்படியே பிடியுங்கள், கீழே ஒரு மெத்தென்ற துணியை விரித்துக்கொண்டு.

எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். மைலார் உறையில், அதாவது பி.வி.சி. இல்லாத பாலியெஸ்டர் உறையில், ஒவ்வொன்றாகப் போடுங்கள். தகரப் பெட்டி பரவாயில்லை, உள்ளே கம்பளித் துணி விரித்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், கம்பளியில் கந்தகம் உண்டு. ரப்பர் பேண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூலையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கப்பல்காரர் பேத்தி:

பெட்டியின் அடியில் சிவப்புக் கம்பளித் துணிதான் இருந்தது. எடுத்துத் தனியாக மடித்து வைத்துவிட்டேன்.

பச்சை படிந்த மூன்றில் இரண்டு அசிட்டோனில் சுத்தமாக வந்துவிட்டன, நிறங்களும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதில் ஐயா சொன்னதுபோல் நான்கைந்து சின்னக் குழிகள் இருக்கின்றன.

தேய்த்த ஏழையும் தனி உறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் நான் கழுவிய தேதியையும் எதனால் கழுவினேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிறகு பெட்டியைத் திறக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தாலரின் உறையில் ஆண்டும் எடையும் எழுதி, கீழே "பின்பக்கம் விரல் ரேகை உண்டு, துடைக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். தாத்தாவின் பழைய கப்பல் வேலை அட்டையில் அவருடைய பெருவிரல் ரேகை ஒன்று மையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு ரேகை பார்க்கத் தெரியாது, ஒன்றும் சொல்ல முடியவில்லை. அட்டையையும் அந்தப் பெட்டியிலேயே வைக்கலாமா, காகிதம் வெள்ளிக்கு ஆகாதா?

ஆய்வக மேசை:

பழைய காகிதத்தில் அமிலமும் கந்தகமும் இருக்கலாம், ஒரே பெட்டியில் வேண்டாம். அட்டையை ஒரு மைலார் உறையில் போட்டு, வேறு பெட்டியில் வை. எது எங்கே இருக்கிறது என்று இரண்டு பெட்டியிலும் ஒரு வரி எழுதிவிடு.